ஆறிலிருந்து ஏழு வரை

தப்பாக நினைக்காதீங்க அக்கா, எழுந்து நிற்க முடியவில்லை. மடியில் ரவிக்கை கிடக்கிறது. ஊசியை எங்கேயோ குத்தி வைத்தேன், எழுந்தால் விழுந்துவிடும், பாப்பா தவழுகிற இடம். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்க. அதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில்.

பெல் கெட்டுப்போகவில்லை. நான்தான் சுவிட்சை அணைத்து வைத்தேன். பாப்பாவுக்கு நேற்று தடுப்பூசி போட்டது, உடம்பு அனலாய்க் கொதித்தது, இப்போதுதான் கண் அசந்தாள். அதனால்தான் நீங்கள் அவ்வளவு நேரம் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. மன்னிச்சுக்கங்க.

யுவஸ்ரீ இல்லைங்க. வாசலிலேயே சொன்னேனே. வெளியே போயிருக்கிறாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நான் அவளுக்கு அண்ணி, அவ்வளவுதான். என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டா போவாள்?

ஏழு மணி வரைக்கும் இருப்பீங்களா? சரி, இருங்க. உங்கள் இஷ்டம்.

காப்பி போடட்டுமா? தண்ணீரும் வேண்டாமா? தெரியும் அக்கா. எங்கள் போளூர்ப் பக்கத்திலும் அப்படித்தான். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

அப்படியெல்லாம் இல்லை என்கிறீங்க. அப்படித்தான் சொல்வீங்க என்று தரகர் போன வாரமே சொல்லிவிட்டுப் போனார். "மாப்பிள்ளையோட அக்கா ஒருநாள் சொல்லாம கொள்ளாம வருவாங்க. மாப்பிள்ளை வீடுன்னு காட்டிக்க மாட்டாங்க. கணக்கெடுக்க வந்தேன்பாங்க, வேற ஏதாவது சொல்லுவாங்க. வீடு எப்படி இருக்கு, பொண்ணு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க" என்றார். நீங்கள் அந்தப் பொய்யும் சொல்லவில்லை. "அவங்ககிட்ட நேர்லதான் சொல்லணும்" என்கிறீங்க. அதுவரைக்கும் நல்லவங்கதான்.

எனக்குப் புரியாமல் இல்லை. நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனால் ராகு காலம் பார்க்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாலரை ஆறு. நான் பால் வாங்கப் போனபோதே பார்த்தேன், தெருமுனையில் வெள்ளை வண்டி, உள்ளே இரண்டு பெண்கள், ஒருத்தர் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆறு ஆனது, கதவைத் தட்டினீங்க. "பழைய எண் பதினாலு, புது எண் முப்பத்தொண்ணு, இதுதானே?" என்று கேட்டீங்க. தரகர் நன்றாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் முழுப் பேர், அப்பா பேர். பிறந்த தேதியை நீங்களே வருஷத்தோடு சொல்லி, சரிதானே என்றீங்க. ஜாதகம் கையில் இல்லாதவங்க இப்படிக் கேட்பாங்களா? உள்ளே வந்ததும் பாத்ரூம் எங்கே என்று பார்த்தீங்க. ஒன்றே ஒன்றுதாங்க, வாடகை வீடு.

உங்கள்கூட வந்த பெண் இன்னும் கேட்டிலேயே நிற்கிறதே, உள்ளே வரச் சொல்லுங்க. அந்த நீலப் பெட்டி கனமாக இருக்கும். பழம், பூ எல்லாம் கொண்டுவந்திருந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்துப்போய்விடுங்க. எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பெண் உங்களுக்குச் சரிப்படாது.

நான் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. இதோ, இந்த ரவிக்கையையே பாருங்க. அவளைப் பெண் பார்க்க வரும்போது உடுத்திக்கொள்ள என்று அத்தை எடுத்த பட்டுக்கு உண்டானது. வலது கையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேளுங்க. அவளுக்கு வலது கை ஒரு அளவு, இடது கை ஒரு அளவு. ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். பத்து வயதிலிருந்து ஒரே கையால் டென்னிஸ் பந்து அடித்து அடித்து அப்படி ஆகிவிட்டது. நான் அளவெடுத்து எழுதிக்கொண்டு போனேன். தையல்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, இது ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?" என்றார். எனக்கு வெட்கம். ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அவரே முடிவு செய்து இரண்டு கையையும் சின்ன அளவில் வைத்துத் தைத்துவிட்டார். இவள் போட்டுப் பார்த்தாள். "அண்ணி, உள்ள போயிடுச்சு. வெளிய வராது. ரவிக்கையை வெட்டறீங்களா, கையை வெட்டறீங்களா?" அப்படிப் பேசுவாள்.

அத்தை இருக்கிறாரே, "தலைப்பை இழுத்து மூடிக்கடி, வர்றவங்க என்ன டேப்பு கொண்டா வருவாங்க?" என்கிறார். ஆனால் நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு போவதுதான் நல்லது. எழுதிக்கங்க. அதான் ஃபைல் வைத்திருக்கீங்களே. வெயிலில் ஆடி ஆடிக் கறுத்துவிட்டாள். காலில் சாக்ஸ் போடுகிற இடம் மட்டும் வேறு நிறம், வேறு யாருடைய பாதத்தையோ கொண்டுவந்து ஒட்டின மாதிரி. முட்டை ஒரு வேளைக்கு ஆறு சாப்பிடுவாள். சமையல், தேங்காய் உடைப்பாள், அவ்வளவுதான். அதையும் தரையில் அடித்து உடைப்பாள்.

மணி என்னங்க? ஆறு இருபதா? இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறதே.

அத்தை திருவள்ளூருக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருக்கிறார். நீங்கள் வந்த வேளை பாருங்க. அதையும் எழுதிக்கங்க. அவர், யுவஸ்ரீயின் அண்ணன், கிளப்பில் இருக்கிறார். எழும்பூர்ப் பக்கம் ஒரு டென்னிஸ் கிளப்பில் அவர் மார்க்கர். மார்க்கர் என்றால் கோடு போடுகிறவர் என்று நான் கல்யாணமான புதிதில் நினைத்தேன். எங்கள் ஊரில் அப்படியே சொல்லியும் விட்டேன். அப்படி இல்லைங்க. கிளப் மெம்பர்களுக்கு ஆடக் கூட்டாளி இல்லாவிட்டால் எதிரே நின்று ஆடிக் கொடுப்பவர். அவர்கள் அடிக்கிற மாதிரி பந்து போட வேண்டும், அவர்கள் ஜெயிக்கிற மாதிரி தோற்க வேண்டும். டாக்டர், வக்கீல் எல்லாரிடமும் இருபது வருஷமாகத் தோற்கிறார். தங்கையிடம் மட்டும் தோற்க மாட்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒரு பந்துகூட எடுக்க விடாமல் அழவிடுவாராம். பதினாறு வயதில் ஒருநாள் அவள் இவரை ஜெயித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இனிமே எனக்கு இவகிட்ட வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு ஜிலேபி வாங்க ஓடினார் என்று அத்தை சொல்வார்.

அவள் இப்போது உலகத்தில் இருநூற்று அறுபத்தொன்றாவது ஆள். போன ஆடியில் எழுநூற்றுச் சொச்சம். நம்பர் குறையக் குறைய நல்லது. அத்தைக்கு அது மட்டும் ஏறவே இல்லை. "போன மாசம் முந்நூறு இருந்துச்சே, ஏன் குறைஞ்சுது, ஒழுங்கா சாப்பிடலையா?" என்று கேட்பார். செவ்வாய்க்கிழமை ஜப்பானுக்குப் போகிறாள். அங்கே நன்றாக ஆடினால் இன்னும் இருபது, முப்பது பேரைத் தாண்டிவிடுவாள். தாண்டினால் வருஷத்துக்கு நாலே நாலு தடவை நடக்கிறதே, அந்தப் பெரிய போட்டி, அதன் தகுதிச் சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் அதைத்தான் மூச்சாக விடுகிறோம். அத்தையைத் தவிர. அத்தைக்கு ஜோசியர் சொன்னது. இருபத்து மூன்றுக்குள் கல்யாணம் முடிக்க வேண்டும், விட்டால் இருபத்தொன்பதாம்.

ஆனால் அது எல்லாம் நடக்குமா என்பதே சந்தேகம் அக்கா. இதைக் கேட்டால் நீங்களே எழுந்து போய்விடுவீங்க. அவள் பேரில் இரண்டு புள்ளி இருக்கிறது.

புள்ளி என்றால் கெட்ட புள்ளி. இந்த ஆட்டக்காரர்கள் ஊக்க மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் வருவார்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் எழுதி வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வந்து பார்க்கும்போது ஆள் இல்லை என்றால் ஒரு புள்ளி. ஒரு வருஷத்தில் மூன்று புள்ளி விழுந்தால் இரண்டு வருஷம் மட்டையைத் தொடக்கூடாது. மருந்து சாப்பிட்டவளும் சாப்பிடாதவளும் ஒன்றுதான். ஊர் என்ன பேசும்? மருந்து தின்றுதான் ஜெயித்தாள் என்று பேசும்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீங்க? பயப்படாதீங்க, அவள் ஒரு மருந்தும் தொட மாட்டாள். பாப்பாவுக்கு வாங்கின இருமல் மருந்தைக்கூட அவள் அலமாரிப் பக்கம் வைக்கக்கூடாது என்பாள். எனக்குத் தலைவலித் தைலம் தேய்க்கக்கூடப் பயம்.

முதல் புள்ளி என்னால்தான். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் ஊருக்குப் போகிற அவசரத்தில் போன் செய்தாள். "அண்ணி, நம்ம வீட்டு அட்ரஸ் முழுசா சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம." எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரி என்னிடம் கேட்கிறாளே என்று. நான் கேஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண் பதினாலு, கண்ணபிரான் தெரு, அயனாவரம். பின்கோடுகூடச் சொன்னேன். கேஸ் புத்தகத்தில் இருப்பது பழைய எண் அக்கா. சுவரில் இருப்பது புது எண், முப்பத்தொன்று. கேஸ்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், பழைய எண் பதினாலு என்றால் மார்க்கர் வீடு. சோதனைக்காரருக்குத் தெரியுமா? புது எண் பதினாலு என்று தெருவில் ஒன்று இருக்கிறது. மாவு மில். மூடி நாலு வருஷம் ஆகிறது.

காலை ஆறிலிருந்து ஏழு என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர்கள் ஆறு மணிக்கு வந்து, பூட்டின மில்லுக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். இவள் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே கூடத்தில், கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறாள். கடுதாசி வந்தபிறகுதான் தெரிந்தது. பதில் எழுதிப் போட்டாள். சரியான முகவரி கொடுப்பது ஆட்டக்காரர் பொறுப்பு என்று திரும்பி வந்துவிட்டது. அவர் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இவள்தான், "விடுங்க அண்ணி, நான்தானே சரிபார்த்திருக்கணும். அந்த மில்லுல மாவு அரைச்சுட்டுப் போயிருப்பாங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்தரைக்கே வாசலைத் திறந்துவைத்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பேன். ஏழு மணி வரைக்கும். யார் தெருவில் புதிதாக வந்தாலும், "பதினாலாம் நம்பரா? இங்கே வாங்க" என்பேன். நான் யாரிடமும் பேசாதவள். வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். அப்படிப்பட்டவள் கோலப்பொடி விற்கிறவரை, பேப்பர் போடுகிறவரை எல்லாம் கூப்பிட்டேன். ஒருத்தர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தார், அவரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "யுவா, வந்துட்டாங்க" என்று கத்திவிட்டேன். அவள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள். அவர் பாவம், மீட்டர் பெட்டி எங்கே என்று கேட்கிறார்.

சிரிக்கிறீங்க. சிரிக்கலாம், அப்போது எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள்.

இரண்டாவது புள்ளி ஜெயித்ததால் விழுந்தது. பெங்களூரில் ஒரு போட்டி. வியாழக்கிழமை தோற்றுவிடுவோம், வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்போம் என்று அவளே முன்கூட்டி எழுதி வைத்திருந்தாள். தோற்கவில்லை. வியாழன் ஜெயித்தாள், வெள்ளி ஜெயித்தாள், ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு நிற்கிறாள். போனில் மாற்ற மறந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் வந்தார்களாம். அன்றைக்கு அவள் ஊரில் இல்லை என்பதால் நான் கேட்டில் நிற்கவில்லை. குளித்துக்கொண்டு இருந்தேனோ என்னவோ. அத்தை கோயிலில். பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் நின்றிருந்தால் பெங்களூரில் இருக்கிறாள் என்றாவது சொல்லியிருப்பேன். சொன்னாலும் புள்ளி புள்ளிதானாம்.

அந்த வாரமே அவள் போனை எடுத்து ஏதோ மாற்றினாள். "அண்ணி, இனிமே நீங்க காலையில வாசல்ல நிக்க வேணாம். அதை நான் பார்த்துக்கறேன். நீங்க அதை அடியோட மறந்துடுங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வேலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. படிக்காதவளை நம்பினது போதும் என்று நினைத்துவிட்டாள். என்ன மாற்றினாள் என்று கேட்க வாய் வரவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. இப்போது காலையில் நிம்மதியாக ஐந்து மணிக்கே அண்ணனோடு கிளப்புக்குப் போய்விடுகிறாள். சோதனைக்காரர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களோடு ஏதாவது பேசி முடித்துவிட்டாளோ என்னவோ.

ஆறு முப்பத்தைந்தா? பாப்பா அசைகிற மாதிரி இருந்தது. இல்லை.

அந்தச் சத்தம் மாடியில்... மேலே தகரம் போட்ட ஒரு அறை இருக்கிறது. பழைய சாமான். பூனை வரும்.

ஏன் அக்கா திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீங்க? வீட்டில் வேறு யாரும் இல்லை. நானும் பாப்பாவும்தான். மூன்றாவது தடவை கேட்கிறீங்க.

சரி, உங்கள் முகத்தைப் பார்த்தால் நல்லவங்களாகத் தெரிகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்த ஒன்றரை மாசமாகச் சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுகிறாள். கடைத்தெருவில் நின்று பேசிக்கொண்டு இருப்போம், ஐந்தரை ஆனதும் முகம் மாறிவிடும். "வாங்க அண்ணி, வாங்க அண்ணி" என்று ஆட்டோவை நிறுத்துவாள். ஆறிலிருந்து ஏழு வரைக்கும் வீட்டை விட்டு ஓர் அடி நகர மாட்டாள். சினேகிதி வளைகாப்புக்குக்கூட ஏழு மணிக்கு மேல்தான் போனாள். ஆடின அலுப்பில் கண் அசந்தாலும் போன் பக்கத்திலேயே இருக்கும். பெல் அடித்தால் எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் தண்ணீர்கூடக் குடித்துக்கொண்டே இருந்தாள், செம்புச் செம்பாக. என்ன யுவா இப்படித் தண்ணி குடிக்கிறே என்றால், "யாராவது வந்தா உபயோகப்படும் அண்ணி" என்கிறாள். அர்த்தம் இருக்கிறதா பாருங்க. மனசு ஒரு நிலையில் இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு.

நான் ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டேன். "யாரை எதிர்பார்க்கிறே யுவா, லவ்வா?"

"எங்க ஆட்டத்துல லவ்வுன்னா முட்டை அண்ணி. சைபர்."

"விளையாடாதே. யாரு வருவாங்க?"

"விருந்தாளிங்க. வந்தாலும் வருவாங்க, வராமலும் போவாங்க. வந்தா நான் இருக்கணும், அவ்வளவுதான்."

அவள் கண்ணில் ஒரு தவிப்பு. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்தப் பையன் இதுவரை ஒருநாளும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

என்ன கேட்டீங்க? இன்றைக்கா? இன்றைக்கும் ஆறு மணிக்கு வீட்டில்... இல்லைங்க, இன்றைக்கு மட்டும் வெளியே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையா.

அக்கா, நீங்கள் எழுந்து மாடிப்படியைப் பார்க்க வேண்டாம். அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி அத்தையிடம்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறீங்க. உங்கள் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் என் நிலை என்ன தெரியுமா? போன வாரம் தரகர் வந்துபோன அன்றைக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. தோற்றாலும் அழ மாட்டாள், மட்டையைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். அன்றைக்கு, "அண்ணி, இப்ப கல்யாணப் பேச்சை எடுத்தா அண்ணன் அம்மா பக்கம் சாஞ்சிடும். ஒருத்தங்க வந்து பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா போதும், அம்மா என்னை ஜப்பானுக்கு விடாது. யாராவது பொண்ணு பார்க்க வந்தா நான் இல்லைன்னு சொல்லிடுங்க. என்ன ஆனாலும் சரி. உங்களால மட்டும்தான் முடியும்" என்றாள்.

உங்களால் மட்டும்தான் முடியும். என்னிடம் யார் இதுவரைக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? பாப்பா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். கேஸ் புத்தகத்தைப் படித்துச் சொன்ன வாய் இது. இந்த ஒரு காரியத்தையாவது தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். அதனால்தான் நீங்கள் வந்ததிலிருந்து இவ்வளவு பேசுகிறேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. இதோ பாருங்க. பிரிக்க வேண்டிய தையலை விட்டுவிட்டு நல்ல துணியைப் பிரித்துவைத்திருக்கிறேன்.

அந்தச் சோதனைக்காரர்கள் வந்தால் எனக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்கிறீங்களா? நல்ல கேள்வி கேட்டீங்க. தெரியாமல் என்ன. ஆம்பளைகள் வருவார்கள். பொழுது விடியும் முன்னே வருவார்கள். காக்கியோ வெள்ளையோ ஏதாவது உடுப்பு இருக்கும், போலீஸ் மாதிரி இருப்பார்கள். உங்களை மாதிரி பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, டீச்சரம்மா மாதிரி வந்து, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு... இதில்தானே உட்காரச் சொன்னேன், நீங்கள் எப்போது அதற்கு மாறினீங்க? ஓ, இங்கிருந்து மாடிப்படி தெரிகிறதா.

ஏன் அக்கா என்னை அப்படிப் பார்க்கிறீங்க? "கொஞ்சம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றால் என்ன யோசிக்க? எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன். நீங்கள் சொல்லக்கூடாதது ஏதோ உங்கள் வாயில் நிற்கிறது, எனக்குத் தெரிகிறது. சொல்லக்கூடாது என்றால் சொல்லாதீங்க. எனக்கும் அப்படி ஒன்று நிற்கிறது.

மணி ஆறு ஐம்பத்தைந்தா. சரி. இன்னும் ஐந்து நிமிஷம்தான். எனக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். வேறு நல்ல பெண்ணாக அமையும்.

என் பேரா? எதற்கு? வந்தபோது யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டுமா? எழுதிக்கங்க, வெண்ணிலா. புருஷன் பேர் லோகநாதன். கையெழுத்தே போடுகிறேன், கொடுங்க. எனக்கு நன்றாகப் போடத் தெரியும். இங்கேயா? மேலே என்ன எழுதியிருக்கிறது, இங்கிலீஷாக இருக்கிறதே. நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கீங்க? ஆறு மணிக்கு வந்தீங்க, ஆள் இல்லை என்று சொன்னேன், அதுதானே. அப்படியென்றால் போடுகிறேன்.

யாருக்கு போன் போடுகிறீங்க? அவளுக்கா? அவள் நம்பர் உங்களிடம் எப்படி வந்தது, தரகருக்கே நாங்கள் கொடுக்கவில்லையே. எடுக்க மாட்டாள் அக்கா, வெளியே இருந்தால் எடுக்கவே மாட்டாள்.

அது... அது பக்கத்து வீட்டில் அடிக்கிறது. இந்தத் தெருவில் தகரம் வழியாக எல்லா வீட்டுச் சத்தமும் எல்லா வீட்டிலும் கேட்கும். பேனாவைக் கொடுங்க. நீங்கள் போனை வையுங்க, பாப்பா எழுந்துவிடுவாள். நான் சொல்வதைக் கேளுங்க.

"அண்ணி..."

பூனைங்க.

"அண்ணி, கீழ யாரு வந்திருக்காங்க? அண்ணி, போகவிடாதீங்க, வரேன், பிடிச்சு வைங்க அவங்களை..."

ஏன் இவள் இப்படி ஓடி... இருங்க, நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், சாட்சிக்கு நான் இருக்கிறேன், பாப்பா மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, யுவஸ்ரீ இந்த வீட்டில்